இரட்டைச் சுழிக் குதிரை

கண்டோன்மென்ட் தண்டில் பிறந்து வளர்ந்த கிழடுகள் நான்கு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்துப் பனி, அந்தக் காலத்து ரொட்டி, மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசித்த பாண்டு. நீங்கள் சொல்வதையெல்லாம் கேட்டால் நம் அப்பாக்கள் அத்தனை பேரும் சொன்ன சொல் தவறாதவர்கள், அம்மாக்கள் அத்தனை பேரும் பிள்ளைகளுக்காகவே மூச்சு விட்டவர்கள். நானும் இத்தனை வருஷம் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். போன மழைக்காலத்தில் என் அண்ணன் போய்ச் சேர்ந்தான். இனிமேல் தலையாட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆகவே இந்த முறை நான் சொல்கிறேன், நீங்கள் காபியைக் குடித்துக்கொண்டு கேளுங்கள்.

என் அப்பா குதிரை பழக்குகிறவர். முரட்டு இளங்குதிரைகளை வாங்கி, சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் படியவைத்து, துரைமார்களுக்கும் காப்பித் தோட்டக்காரர்களுக்கும் விற்பார். மோட்டார் வந்துவிட்ட காலம்தான், ஆனாலும் காலையில் மைதானத்தைச் சுற்றிக் குதிரையில் போனால்தான் பெரிய மனிதர் என்று நினைத்தவர்கள் தண்டில் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் எங்கள் லாயம். காலையில் கண் விழித்தால் முதலில் வருவது வேகவைத்த கொள்ளின் வாசனை, அதன்மேல் தோலுக்குப் போடும் எண்ணெயின் வாசனை, அதற்கும் மேல் குதிரைச் சாணம். நம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அழுதவர்கள் இங்கேயே இரண்டு பேர் இருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம்.

அப்பா கெட்டிக்காரர். இதை நான் மறுக்கவே மாட்டேன். சாட்டையைத் தோளில் போட்டிருப்பாரே தவிர, அதை அவர் கீழே இறக்கி நான் அதிகம் பார்த்ததில்லை. கடிக்கிற குதிரை, உதைக்கிற குதிரை, மனிதனைக் கண்டாலே உடம்பு நடுங்குகிற குதிரை எல்லாம் அவரிடம் வந்து சில மாதங்களில் பெட்டிப் பாம்பாக அடங்கிப் போயிருக்கின்றன. அந்தச் செவலை மட்டும்தான் அவரிடம் அடங்கவில்லை.

செவலை என்றால் பழுத்த செம்மண் நிறம். நான்கு வயசுப் பெண் குதிரை. பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை, காலுறை ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைத் தொலைத்த மாதிரி. கண்கள் பெரியவை. வந்த அன்றே என் கவுன் நுனியை வாயில் வைத்து மென்று பார்த்தது. எனக்கு அப்போது பதினோரு வயசு, அண்ணன் என்னைவிட இரண்டு வயசு பெரியவன். அந்தக் குதிரையில் முதலில் ஏறப்போவது அவன்தான் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பா அவனுக்காகத் தோல்காரரிடம் சொல்லி ஒரு ஜோடி பூட்ஸ்கூட அளவெடுத்துவிட்டார்.

செவலைக்கு இரண்டு குற்றங்கள். ஒன்று, லகானை இழுத்த மாத்திரத்தில் தலையை மேலே விசிறும். சும்மா ஆட்டுவது அல்ல, சம்மட்டி எடுத்து அடிப்பது போல் விசிறும். இரண்டாவது, சண்டித்தனம். எங்கள் தெருவிலிருந்து மைதானத்துக்குத் திரும்புகிற முனையில் மாடு குதிரைகளுக்காகக் கட்டிவிட்ட கல் தொட்டி ஒன்று உண்டு, மேலே தூங்குமூஞ்சி மரம். அந்தத் தொட்டி வரைக்கும் ராணி மாதிரி நடந்து வரும். அங்கே திருப்புவதற்கு லகானை இழுத்தவுடன் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். தட்டினால் பின்னால் போகும். அதட்டினால் முன்னங்காலைத் தூக்கும். அந்த வழியாக வரும் பால்காரர் ஒருவர், குதிரை தூங்கிவிட்டதா, பாய் தலையணை கொண்டுவரட்டுமா என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போவார். அப்பாவுக்கு அந்தப் பால்காரரைக் கண்டாலே ஆகாது.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அப்பாவிடம் வேலை செய்தார். இளங்குதிரைகளில் முதல் ஏறு ஏறுவது அவர்தான். ஒருநாள் காலை அந்தத் தொட்டி முனையில் அவர் லகானை இறுக்கிப் பிடித்திருக்கிறார், செவலை தலையை விசிறியிருக்கிறது. மாமா வீட்டுக்கு வந்தபோது மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, சட்டை முழுவதும் ரத்தம். அம்மா அலறியதில் லாயத்தில் எல்லாக் குதிரையும் கனைத்தது. அதற்குப் பிறகு மாமாவுக்கு வாழ்நாள் முழுக்க மூச்சு விடும்போது விசில் சத்தம் வரும். ஜெபமாலை சொல்லும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சிரிப்பை அடக்க முடியாது.

அந்த வாரமே குதிரை வியாபாரி ஒருவர் வந்தார். அப்பாவுக்குப் பழக்கமானவர், தண்டிலிருந்து சென்னை வரை குதிரை வாங்கி விற்பவர், தமிழும் உருதுவும் கலந்து பேசுவார். டீ குடித்துக்கொண்டே லாயத்தைச் சுற்றிப் பார்த்தவர் செவலையிடம் வந்ததும் நின்றார். நெற்றி மயிரை ஒதுக்கி, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அங்கே இரண்டு சுழிகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. டீயை முடிக்காமலே கீழே வைத்துவிட்டார். அப்பாவைத் தனியாகக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். நான் கொள்ளு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்டது அப்பாவின் சிரிப்பும் பதிலும் மட்டும்தான்.

"நாங்க மாதா கோயிலுக்குப் போறவங்க பாய். சுழி பாக்கற ஜனம் இல்ல."

எனக்குப் பெருமையாக இருந்தது. குதிரையின் உடம்பில் இருக்கும் மயிர்ச் சுழிகளைப் பார்த்து இது குடும்பத்துக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்லும் வழக்கம் அப்போது ஊர் முழுக்க இருந்தது. சுழி சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல குதிரையையும் நம்மவர்கள் வாங்கமாட்டார்கள். அப்பா அதையெல்லாம் சிரித்து ஒதுக்குகிறவர், படித்தவர், துரைமார்களோடு சரிசமமாகப் பேசுகிறவர். அப்படித்தான் நான் நினைத்தேன்.

மறுநாள் அண்ணன் இருமினான். நம் ஊர்ப் பனியில் இருமாத பிள்ளை எது? அப்பா அவனைக் கூப்பிட்டு, முதுகில் காதை வைத்துக் கேட்டார், முகத்தைச் சுளித்தார். நெஞ்சு பலவீனமாக இருக்கிறது, காற்று படக்கூடாது, ஓடக்கூடாது, குதிரைப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் கடைத்தெருவிலிருந்து பழுப்பு நிறக் கம்பளி மப்ளர் ஒன்று வந்தது. அண்ணன் அன்று அழுத அழுகையை நான் மறக்கவில்லை. பூட்ஸ் ஏற்கெனவே தயாராகி வந்திருந்தது. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த நாள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, செவலையை நீ ஓட்டறியா?"

நம் காலத்தில் அப்பா மகளிடம் ஒரு விஷயத்தைக் கேட்பதே அபூர்வம், அதிலும் இப்படி ஒரு விஷயம். அவர் என் இரண்டு கைகளையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது நல்ல கை. லேசான கை. மாமா கை முரட்டுக் கை, அதான் அது மிரளுது. உன் கைக்குத்தான் அது படியும்." அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் சாப்பிடாமலே இருந்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் சிலேட்டு பிடிக்கும்போதுகூட என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதுவரை வீட்டில் கிடைத்த பாராட்டு, நான் நன்றாகப் பாத்திரம் துலக்குகிறேன் என்பதுதான்.

அம்மா அண்ணனின் பழைய காக்கி அரைக்கால் சட்டையைப் பிரித்து எனக்கு அளவாகத் தைத்துக் கொடுத்தாள். தைக்கும்போது ஊசி விரலில் குத்திக்கொண்டே இருந்தது. நான் அதைத் தாயின் பயம் என்று நினைத்தேன்.

முதல் சிக்கல் கடிவாளம். லாயத்தில் இருந்ததெல்லாம் பெரியவர்கள் பிடிக்கிற கனமான லகான்கள், என் கைக்குள் அடங்கவில்லை. எனக்கு ஏற்ற மாதிரி சின்னதாக ஒன்று வாரில் தைத்து வரும்வரை தலைக்கயிறே போதும் என்று அப்பா சொன்னார். பருத்திக் கயிற்றை முறுக்கிப் பின்னி, மூக்கைச் சுற்றி ஒரு வளையம், இரண்டு பக்கமும் பிடிக்க இரண்டு கயிறு. வாய்க்குள் இரும்பு கிடையாது. அந்தக் கயிறு வெள்ளையும் நீலமுமாக இருக்கும். என் கையின் வியர்வையும் குதிரையின் வியர்வையும் ஊறி, கொஞ்ச நாளில் மெத்தென்று ஆகிவிட்டது. இப்போதும் ஈரத் துண்டை முறுக்கிப் பிழியும்போது எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகம் வருகிறது.

தலைக்கயிற்றோடு ஏறினேன். செவலை தலையை விசிறவில்லை. ஒருமுறைகூட. காதை முன்னும் பின்னும் திருப்பி நான் யார் என்று கேட்டுக்கொண்டே நடந்தது. அப்பா பின்னால் நின்று, பாத்தியா நல்ல கைன்னு சொன்னேன்ல என்று எல்லாரிடமும் சொன்னார். ஜன்னலில் மப்ளரோடு அண்ணன் முகம் தெரிந்தது. அவன் பக்கம் நான் கையை ஆட்டினேன், அவன் திரையை இழுத்துவிட்டான்.

ஆனால் தொட்டி முனையில் நின்றது நின்றதுதான். இரும்பு இல்லாவிட்டாலும் அந்த இடம் அதற்கு ஆகவில்லை. சண்டி செய்கிற குதிரையை அடித்தால் அது பிடிவாதத்தைக் கற்றுக்கொள்ளும், இறங்கிக் கூட்டிப்போனால் நின்றால் ஆள் இறங்கும் என்று கற்றுக்கொள்ளும், திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோனால் அது ஜெயித்துவிடும். ஆகவே அதை நின்ற இடத்திலேயே சின்னச் சின்னதாகச் சுற்ற வேண்டும். ஒரு சுற்று, மறுபடி முனைக்கு முகம், நின்றால் மறுபடி சுற்று. சுற்றுவதைவிட நேரே போவது சுகம் என்று அதற்கே தோன்ற வேண்டும். முன்னால் எங்கள் கிழட்டு வெள்ளைக் குதிரையை சயீஸ், அதாவது குதிரைக்காரர், நடத்திப் போவார். அது எதற்கும் அசையாது, பாண்டுக்காரர்கள் காதில் ஊதினாலும் அசையாது. அதன் வாலைப் பார்த்துக்கொண்டு செவலை ஒரு அடி வைக்கும். ஒரு அடி வைத்தவுடன் நான் கயிற்றைத் தளர்த்தி, கழுத்தைச் சொறிந்துவிடுவேன். அன்றைக்கு அவ்வளவுதான்.

தூங்குமூஞ்சிப் பூ உதிர்கிற பருவம். ரோஜா நிறத்தில் பஞ்சு பஞ்சாகத் தொட்டித் தண்ணீர் முழுக்க மிதக்கும். செவலை அதை மூக்கால் ஊதி ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கும். காலை வெயிலில் அதன் கழுத்திலிருந்து ஆவி எழும். மேட்டுக் கோயில் மணி அடிக்கும், பால்காரர் போவார். அவர்கூடப் போகப் போகக் கேலியை விட்டுவிட்டு, இன்றைக்கு எத்தனை அடி என்று கேட்க ஆரம்பித்தார். என் வாழ்க்கையில் நான் ஒரு காரியத்தில் முழுசாக இருந்தது அப்போதுதான். கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் பிறகு வந்தன, அவற்றில் பாதி நான் வேறெங்கோ இருந்தேன்.

நடுவில் என் அளவுக் கடிவாளம் தைத்து வந்தது. வாயில் இரும்பை மாட்டி ஏறினேன். முனைக்குப் போவதற்கு முன்பே தலை விசிறல் தொடங்கிவிட்டது. நான் குனிந்துகொண்டதால் மூக்கு பிழைத்தது. இறங்கி வந்து அப்பாவிடம் சொன்னேன், இரும்பு போட்டால்தான் விசிறுகிறது, அதன் வாயில் ஏதோ இருக்கிறது என்று. அப்பா சிரித்தார். குதிரை வாயைப் பார்க்க எனக்கே கற்றுத் தருகிறாயா என்று கேட்டுவிட்டு, உதட்டைப் பிரித்து முன்பற்களைப் பார்த்தார். வயசு பார்ப்பதற்கு எல்லாக் குதிரைக்காரர்களும் பார்க்கிற இடம் அது. அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த இடம். நான்கு வயசு, ஒரு குறையும் இல்லை என்று சொல்லி உதட்டை விட்டுவிட்டார். பின்னால் விரலை விட்டுப் பார்க்கவில்லை. ஆனால் நான் தலைக்கயிற்றிலேயே ஓட்டட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வாக்குக் கொடுத்தார். நானாகக் கேட்கவில்லை. கொள்ளு வைத்துக்கொண்டிருந்தபோது அவராகவே பக்கத்தில் வந்து நின்றார்.

"மைதானம் வரைக்கும் அதை நீ ஓட்டிக் காட்டிட்டா, அது இந்த லாயத்தை விட்டுப் போகாது பாப்பா. உன் குதிரை."

கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு காலை, செவலை தொட்டியில் தண்ணீர் குடித்தது, தலையை நிமிர்த்தியது, என்னைக் கேட்காமலே திரும்பி மைதானத்துக்குப் போகும் பாதையில் நடந்தது. கிழட்டு வெள்ளை இன்னும் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். மைதானம் விரிந்ததும் அது தானாகவே ஓட்டமெடுத்தது. பனி கண்ணில் அடித்து நீர் வழிந்தது. சயீஸ் பின்னாலிருந்து சபாஷ் பேட்டி, சபாஷ் மகளே என்று கத்தினார். எனக்கு ஒரு குதிரை இருந்தது. தண்டில் வேறு எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் அப்போது அது இல்லை, உங்களுக்கும் இல்லை.

பண்டிகை முடிந்த வாரத்தில் அப்பா என்னை நல்ல கவுன் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். லாய வாசலில் ஒரு மோட்டார். காப்பித் தோட்டத்துத் துரை ஒருவரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். துரைசாணி உயரமானவர், ஆண்களைப் போல் கால்சட்டை போட்டிருந்தார். அப்பா என்னைத் தூக்கிச் செவலையின் முதுகில் வைத்து, ஒரு சுற்றுப் போய்வரச் சொன்னார். நான் என் குதிரையைக் காட்டுகிறேன் என்று நினைத்து முதுகை நிமிர்த்திக்கொண்டு போனேன். தொட்டியைத் தாண்டி, மைதானத்தின் விளிம்பு வரை போய்த் திரும்பினேன். அப்பா இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். பதினோரு வயசுப் பெண், அதுவும் கவுனில், கயிற்றிலேயே ஓட்டுகிறாள், இதைவிட சாதுவான குதிரை உண்டா என்று அவர் சொன்னது எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. துரைசாணி என் கன்னத்தைத் தட்டினார்.

பிறகு அவர்களின் ஆள் இரும்போடு ஒரு கடிவாளம் கொண்டுவந்து மாட்டினான். செவலை தலையை விசிறியது, வாசலைத் தாண்டாமல் ஊன்றி நின்றது. எல்லார் முன்னாலும் பழைய சண்டித்தனம். அப்பா ஒரு கணம் வெளிறிப்போனார். உடனே என்னைப் பார்த்து, பாப்பா, கொஞ்ச தூரம் நீ நடத்திட்டு வா, உன்கூட வரும் என்று சொன்னார். நான் போய் அதன் கன்னத்தைத் தொட்டேன். என் பின்னால் வந்தது. வாசலைத் தாண்டியது, தெருவைத் தாண்டியது, தொட்டியைத் தாண்டியது. அங்கே அவர்களின் ஆள் என் கையிலிருந்து லகானை வாங்கிக்கொண்டான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் குதிரையை என் கையாலேயே கொண்டுபோய் விடச் செய்திருந்தார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். தட்டைத் தூக்கி எறிந்தேன். அப்பா கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். வியாபாரம் என்றால் அப்படித்தான் பாப்பா, அடுத்ததை நீயே பழக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். அண்ணன் கதவோரம் நின்றான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் காலை வெயிலில் அம்மா எனக்குத் தலை வாரினாள். நான் விசும்பிக்கொண்டே இருந்தேன், வாக்குக் கொடுத்தாரே, வாக்குக் கொடுத்தாரே என்று. அம்மா சீப்பை இழுத்துக்கொண்டே இருந்தாள், சிக்கில் மாட்டி வலித்தது. திடீரென்று சொன்னாள்.

"போனதே நல்லது, அழாதே. அவரு எனக்கும்தான் ஒரு வாக்குக் கொடுத்தாரு. அது மூச்சுக்கூடப் பையன் மேல படாதுன்னு."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என் தலையை முன்னுக்குத் திருப்பினாள். அன்றைக்கு அந்த வியாபாரி தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னதைச் சொன்னாள். நெற்றியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரட்டைச் சுழி இருக்கும் குதிரை, அது நிற்கிற வீட்டின் வாரிசைக் கொண்டுபோய்விடுமாம். மாமாவின் மூக்கு உடைந்தது முன்னெச்சரிக்கையாம். அப்பா அவர் முன்னால் சிரித்துவிட்டு, உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லையாம். கோயிலுக்குப் போகிறவர் சுழிக்குப் பயந்தார் என்று வெளியே தெரியக்கூடாது. குதிரையை ஆள் ஏறிப் பழக்காமல் விற்கவும் முடியாது. அதனால் அண்ணனுக்கு நெஞ்சு பலவீனம் என்று ஒரு பேச்சு.

"நான் கேட்டேன், அப்ப பொண்ணு மட்டும் என்னன்னு. பொண்ணு இன்னொரு வீட்டுக்குப் போறவ, அவளைச் சுழி பாக்காதுன்னாரு. அப்படியே ஒண்ணு ஆனாலும் அழுதுட்டு எழுந்துடலாம், பையனுக்கு ஒண்ணுன்னா இந்த வீடு எழுந்திருக்காதுன்னாரு."

"நீ என்னம்மா சொன்னே?"

அம்மா பின்னலை முடித்தாள்.

"ரிப்பன் எங்கடி வெச்சே?" என்றாள்.

நான் ரிப்பனை எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அன்று கணக்கு வகுப்பில் என் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். லேசான கை, நல்ல கை என்று அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது உண்மையில் பார்த்தது என்ன? போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒன்று வீட்டில் எது இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். குதிரை போனதை நான் பிறகு மறந்திருப்பேன். இதை மறக்கவில்லை, இன்றுவரை அப்பாவை மன்னிக்கவும் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்பதாகவும் இல்லை.

கதை அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மைதானத்தின் ஓரமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். அப்பா கோட்டுப் போட்டிருந்தார், அண்ணன் அந்த வெயிலிலும் மப்ளரோடு. எதிரே செவலை வந்தது. துரைசாணி மேலே உட்கார்ந்திருந்தார், வாயில் இரும்பு இருந்தது, தலை அசையவே இல்லை. அப்பா தொப்பியை எடுத்துவிட்டு, எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டார். துரைசாணி சிரித்தார். பழக்கவெல்லாம் இல்லை, முதல் வாரமே குதிரை டாக்டரைக் கூப்பிட்டு வாய்க்குள் கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன் என்றார். மேல் தாடையில், கடைவாய்ப் பற்களுக்கு முன்னால், இரும்பு வந்து இடிக்கிற இடத்தில் ஒரு வேண்டாத குட்டிப் பல் இருந்திருக்கிறது. சில இளங்குதிரைகளுக்கு அப்படி முளைக்குமாம். லகானை இழுக்கும்போதெல்லாம் அதில் குத்தியிருக்கிறது. முனையில் திருப்புவதற்கு இழுத்தால் வலிக்கும் என்று அது கற்றுக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறது. பிடுங்கிப் போட்டாயிற்று, அவ்வளவுதான்.

செவலை என்னை நோக்கிக் கழுத்தை நீட்டியது, என் கவுன் நுனியைத் தேடியது. அதற்கு நல்ல வீடுதான் கிடைத்திருந்தது. அதுகூட எனக்கு அப்போது ஆத்திரமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். ஒரு பல்லாம், கடலை அளவு பல்லாம். அவர் அதை ஒரு வேடிக்கைக் கதையாக ஆக்கிக்கொண்டார். சாகும்வரை வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார், பாப்பா அப்பவே வாயில ஏதோ இருக்குன்னா, நான்தான் கேக்கல என்று தன்னையே கேலி செய்துகொண்டு. எல்லாரும் சிரிப்பார்கள். எவ்வளவு பெருந்தன்மை என்பார்கள். சுழியைப் பற்றி மட்டும் அந்தக் கதையில் ஒரு வார்த்தை வராது.

சுழி பொய் என்று தெரிந்த அன்றாவது அவர் அண்ணன் கழுத்திலிருந்து மப்ளரைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. கழற்றினால் ஏன் மாட்டினார் என்று சொல்ல வேண்டும். அண்ணன் பந்து விளையாடவில்லை. சென்னையில் படிக்கக் கிடைத்த இடத்துக்குப் போகவில்லை, கடல் காற்று ஆகாது என்று அப்பாவே எழுதிப் போட்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்தான். பெண் பார்க்கப் போன இடத்தில், பையனுக்கு நெஞ்சு நோயாமே என்று மெல்லக் கேட்டார்கள். அந்தக் காலத்தில் நெஞ்சு நோய் என்றால் காசநோய் என்றுதான் அர்த்தம், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது இடத்திலும் அதையே கேட்டார்கள். மூன்றாவது இடத்துக்கு அவனே வரமாட்டேன் என்றுவிட்டான். அப்பாவின் பெயர் சொல்ல அந்த வீட்டில் ஒரு பேரன் இல்லை. சுழி செய்யாததை மப்ளர் செய்து முடித்தது.

லாயம் மோட்டார் பட்டறையாகி, பிறகு கடைகளாகி, இப்போது என்னவாக இருக்கிறதென்று நான் போய்ப் பார்ப்பதில்லை. தொட்டியைச் சாலை அகலப்படுத்தும்போது எடுத்துவிட்டார்கள். என் நீலமும் வெள்ளையுமான கயிறு எந்த ஆணியில் தொங்கி எப்போது மக்கிப் போனதோ தெரியாது. சண்டித்தனத்தைத் தீர்த்தது என் பொறுமைதான், பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே அந்த முனையைத் தாண்டினோம். அதை மட்டும் யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணனைப் போன மழையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. சின்ன வயசு டாக்டர் ஒருவர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று. பிறகு ஆச்சரியத்தோடு சொன்னார், இந்த வயசில் இவ்வளவு சுத்தமான நெஞ்சை நான் பார்த்ததே இல்லை, சின்னப் பையன் நெஞ்சு மாதிரி இருக்கிறது என்று.

உள்ளே போனபோது அண்ணன் விழித்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர் என்ன சொன்னாரு? நெஞ்சுதானே?"

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. இத்தனை வருஷமும் வாய்வரை வந்து நின்றதுதான். அவன் காத்திருக்கவில்லை, அவனே பேசினான்.

"எனக்குத் தெரியும். அப்பா அப்பவே கண்டுபிடிச்சிட்டாரு. எனக்கு அன்னிக்கு உன் மேல எவ்வளவு பொறாமை தெரியுமா? குதிரையை உனக்குக் குடுத்துட்டாரேன்னு. அப்புறம் யோசிச்சா, உனக்குக் குதிரையைக் குடுத்தாரு, எனக்கு உயிரைக் குடுத்தாரு. இத்தனை வருஷம் இருந்துட்டேனே."

"ஆமாண்ணா," என்றேன். "நெஞ்சுதான்."

அவன் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டான். ஜன்னல் வழியாக மழைக்காற்று வந்தது. தலையணைமேல் கழன்று கிடந்த மப்ளரை எடுத்து அவன் கழுத்தில் சுற்றிவிட்டேன்.